பதினோரு தாள், ஒரு கையெழுத்து

ஜீப்பு இப்போது அவளுக்கு நிற்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த விஷயத்தை யாரிடம் சொன்னாலும் கடைசியில், "சரி, ஜீப்பு நின்னுச்சா இல்லையா?" என்றுதான் கேட்கிறார்கள். நின்றது என்றதும் அப்பாடா என்று அவரவர் காப்பியைக் குடிக்கிறார்கள். எனக்குத்தான் அதற்குப் பிறகும் ஒரு வாய் இறங்க மாட்டேன் என்கிறது.

நான் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். டீத்தூள், மசாலா, ஏலக்காய் என்று பொட்டலம் போட்டு விற்கிற கம்பெனி. அதில் என் பதவிக்குத் தமிழில் இன்னும் நல்ல பெயர் அமையவில்லை. விசிட்டிங் கார்டின் ஒரு பக்கத்தில் 'பன்முகத்தன்மை, சமத்துவம், உள்ளடக்கம்' என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். சொந்த ஊரான போடிக்கு வந்தபோது அதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப ஒனக்கு என்னதான்டி சோலி?" என்றாள்.

"ஆபீஸ்ல யாரையும் ஒதுக்கி வைக்காம பாத்துக்கிறதும்மா."

"அதுக்குன்னு ஒரு ஆளு வேணுமாக்கும்," என்று சிரித்தாள். அம்மா சிரித்தால் எனக்குக் கோபம் வரும். அன்றைக்கும் வந்தது.

மதுரையில் சமூகப்பணி படித்துவிட்டுச் சென்னைக்குப் போய் மனிதவளத் துறையில் சேர்ந்தவள் நான். முதல் சில வருஷம் மகளிர் தினத்துக்கு ரோஜாப்பூ வாங்குவதும், பொங்கலுக்குக் கோலப்போட்டி வைப்பதும்தான் என் கையால் நடந்த சமத்துவம். பிறகு ஒரு பயிற்சி வகுப்பில் ஆளுக்கொரு வாழ்க்கைக் கதை சொல்லச் சொன்னார்கள். எனக்கு முந்தின ஆள், சின்ன வயசில் ரொம்பக் கஷ்டம், வீட்டில் ஒரே ஒரு கார்தான் இருந்தது என்று சொல்லி உட்கார்ந்தார். என் முறை வந்தபோது, என் அம்மா ஏலக்காட்டில் காய் எடுத்தவள், நீங்கள் டீயில் தட்டிப் போடுகிற காயை மழையில் சேற்றில் உட்கார்ந்து பறித்தவள் என்றேன். எரிச்சலில்தான் சொன்னேன். இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள்.

ஆறு மாதத்தில் புதிதாக ஒரு துறை தொடங்கி என்னைத் தலைவியாக்கினார்கள். துறை என்றால் நானும் ஒரு லேப்டாப்பும். அதற்குப் பிறகு அம்மாவின் சேற்றுக்காலை எத்தனை மேடையில் காட்டியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. சொன்னதில் பொய் கிடையாது. ஆனால் கைதட்டல் எந்த இடத்தில் வரும் என்று நாலாவது மேடையிலேயே எனக்குப் பிடிபட்டுவிட்டது. அந்த இடம் வரும்போது குரலைக் கொஞ்சம் இறக்கிப் பேசுவேன்.

எங்கள் ஊர் ஜீப்பைப் பற்றிச் சொல்லாமல் மேற்கொண்டு சொல்ல முடியாது. விடிவதற்கு முன்னால் ஜீப்பு வந்து பெண்களை அள்ளிக்கொண்டு போடிமெட்டு மலைப்பாதையில் ஏறும். கேரளப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். தோட்டத்துக்கு ஆள் கொண்டுபோவது டிரைவர் பொறுப்பு. அவர் யாரை ஏற்றுகிறாரோ அவர்களுக்கு அன்றைக்கு வேலை. அதனால் ஜீப்பில் ஓர் இடம் இருப்பது எங்களுக்கு ஓர் உத்தியோகம் மாதிரி. அந்த இடம் ஆளுக்குச் சொந்தமில்லை, வீட்டுக்குச் சொந்தம். அம்மாவுக்கு முடியாமல் போனால் மகள் ஏறுவாள். மகள் கல்யாணமாகிப் போய்விட்டால் மருமகள் ஏறுவாள். ஏறுவதற்கு வீட்டில் ஆள் இல்லையென்றால் இடம் அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

ஜீப்பு முதலில் மேலத்தெருவுக்குப் போகும். எங்கள் தெருவுக்குக் கடைசியாகத்தான் வரும். வரும்போது இரண்டு பக்கத்துப் பெஞ்சும் நிறைந்திருக்கும். எங்கள் ஆட்கள் நடுவில் தரையிலும், பின்பக்க விளிம்பிலும் உட்கார்ந்துகொள்வார்கள். யாரும் யாரையும் கீழே உட்காரச் சொன்னது கிடையாது. கேட்டால், "வழி அப்படித்தான அமையுது" என்பார் டிரைவர். சாதி ஒரு வார்த்தை பேசாமல் எப்படி வேலை செய்யும் என்று பிற்பாடு நான் எடுத்த வகுப்புகளில் ஒரு மணி நேரம் விளக்குவேன். எங்கள் தெருப் பிள்ளைக்கு அது ஏழு வயதில் தெரிந்திருக்கும்.

நான் பிளஸ் டூ முடித்த வருஷம் அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது. டிரைவர் வீட்டு வாசலுக்கே வந்து, "மக வருதா ஆத்தா?" என்று கேட்டார். முறைப்படி அது என் இடம்.

"அது காலேசுக்குப் போகுதுப்பா. இந்தப் புள்ளைய ஏத்திக்க," என்று அம்மா, பக்கத்தில் நின்றுகொண்டிருந்த என் தோழியைக் காட்டினாள்.

ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் என்னோடு உட்கார்ந்தவள் அவள். மார்க்கு என்னைவிட அவளுக்குத்தான் எப்போதும் கூட. அப்பா இல்லை, அம்மா படுக்கை. ஜீப்பில் அவர்கள் வீட்டுக்கு இடமும் இல்லை. அம்மா காட்டியதும் அவள் முகத்தில் வந்த நிம்மதியை நான் பார்த்தேன். எனக்கும் நிம்மதிதான். நான் மதுரைக்குப் போனேன், அவள் என் இடத்தில் ஏறி மலைக்குப் போனாள். இதை எந்த மேடையிலும் நான் சொன்னதில்லை.

அவள் கையெழுத்து எங்கள் பள்ளிக்கூடத்துக்கே தெரியும். குண்டு குண்டான எழுத்து, கோடு போட்ட மாதிரி நேராகப் போகும். 'ழ' எழுதினால் அதன் கால் ஒரு சுழி சுழித்துக்கொண்டு நிற்கும். ஆண்டுவிழா பேனரிலிருந்து தலைமையாசிரியர் அறைப் பலகை வரை அவள்தான் எழுதினாள். என் கல்லூரி விடுதி விண்ணப்பத்தை நிரப்பியதும் அவள்தான். "ஒன் கோழிக்கிறுக்கலப் பாத்தா சீட்டுக் குடுக்க மாட்டாய்ங்க, கொண்டா இங்க," என்று பிடுங்கிக்கொண்டாள்.

ஜீப்பிலும் அந்த எழுத்துக்கு வேலை வந்துவிட்டது. அன்றன்றைக்கு யார் யார் வந்தார்கள் என்று எஸ்டேட்டில் கொடுப்பதற்கு ஒரு நோட்டு உண்டு. டிரைவர் அதை அவள் மடியில் போட்டுவிட்டார். தரையில் உட்கார்ந்து, வளைவுக்கு வளைவு ஆடிக்கொண்டே, எல்லோர் பெயரையும் அவள் எழுதுவாள். மற்றப் பெண்களுக்கும் பெயர் எழுத வரும், சிலருக்கு அதற்கு மேலேயும் வரும். ஆனால் ஒரு பக்கம் எழுத வேண்டும் என்றால் பேனாவை அவள் பக்கம் நீட்டிவிடுவார்கள். எழுதுகிறவள் இருக்கும்போது நமக்கென்ன என்பதுதான்.

சில வருஷத்துக்கு முன்னால் எங்கள் கம்பெனிக்கு ஒரு புதிய ஆசை வந்தது. ஆபீசுக்குள்ளே மட்டும் சமத்துவம் இருந்தால் போதாது, நமக்குச் சரக்குக் கொடுக்கிற தோட்டங்களிலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். திட்டம் போட்டது நான். தோட்டங்களின் பட்டியல் வந்தபோது எங்கள் ஜீப்பு போகிற எஸ்டேட்டும் அதில் இருந்தது. எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், வேறு ஆளை அனுப்புங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நான் புதுச் சுடிதார் எடுத்தேன்.

கம்பெனி காரில் மெட்டு ஏறினேன். மழை முடிந்து காய் எடுப்பு மும்முரமாக இருந்த நேரம். ஏலச்செடியில் காய் மேலே காய்க்காது, தூரில் தரையோடு சரம் விட்டுத்தான் காய்க்கும். அதனால் பறிக்கிறவர் சேற்றில் குந்தி, குனிந்தேதான் இருக்க வேண்டும். விரலெல்லாம் கறை ஏறிவிடும். எங்கள் தெருப் பெண்கள் பதினோரு பேரை, காய் உலர்த்துகிற கட்டடத்துக்குப் பின்னால் கூட்டி, ஆளுக்கு ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் கொடுத்தேன். அந்தக் கட்டடத்தை ஸ்டோர் என்பார்கள்.

"பேரு எழுத வேணாம். மனசுல என்ன இருக்கோ எழுதுங்க. யாரு எழுதுனதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது, காதும் காதும் வச்ச மாதிரி இருக்கும்," என்றேன்.

என் தோழி என்னைத் தனியாக ஓரம் கட்டினாள். "ஏ புள்ள, நெசமாவா? எனக்கு இந்த ஜீப்ப விட்டா வேற நாதி இல்ல, பாத்துக்க."

"என்னிய நம்பலையா நீ?"

"ஒன்னிய நம்பாமயா," என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் தாள்களை ஒட்டிய உறையில் போட்டு அம்மாவிடம் கொடுத்திருந்தாள்.

சென்னையில் என் மேஜையில் வைத்து உறையைப் பிரித்தேன். பதினோரு தாளும் ஒரே கையெழுத்து. அத்தனை 'ழ'வும் சுழித்துக்கொண்டு நின்றன. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஆனால் படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, எழுத்துதான் ஒன்று, பேச்சு பதினொன்று. ஒவ்வொருத்தி எப்படிச் சொன்னாளோ அப்படியே எழுதியிருந்தாள். ஒருத்தி ஒதுங்க மறைவிடம் இல்லை என்று சொல்லியிருந்தாள். ஒருத்தி அட்டை கடித்த புண் ஆறவில்லை என்று சொல்லியிருந்தாள். எல்லாத் தாளிலும் பொதுவாக ஒன்று இருந்தது. ஸ்டோருக்குள் காய்ந்த காயைத் தரம் பிரிக்கிற வேலை எங்கள் தெருவுக்குக் கிடைப்பதே இல்லை. அது நனையாத வேலை, உட்கார்ந்து செய்கிற வேலை, உலர்த்துகிற சூட்டில் குளிரும் தெரியாது. கேட்டால், ஒங்க கையில கறை இருக்கு, காயில ஒட்டிக்கிரும் என்பார்களாம். மேலத்தெருக் கையிலும் அதே கறைதான். ஒரு தாளில் இப்படி இருந்தது: 'செடியில பறிக்கிறப்ப சுத்தமா இருக்கிற கை, காஞ்ச காயைத் தொடுறப்ப மட்டும் எப்படி அழுக்காப் போகுது?'

அந்த வரியைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அடுத்த நிமிஷமே, இது நல்ல ஸ்லைடு என்றும் தோன்றியது. இரண்டும் ஒரே மனசில்தான் தோன்றின.

அறிக்கை தயாரித்த பையன், "இதையெல்லாம் டைப் அடிச்சிரவா மேடம்?" என்று கேட்டான். வேண்டாம், கையெழுத்தோடு அப்படியே படம் எடுத்துப் போடு, அதில்தான் உயிர் இருக்கிறது என்றேன். எனக்கு அந்தக் கையெழுத்து தெரியும் என்றால் அதைத் தினமும் பார்க்கிற வேறு ஆட்களுக்கும் தெரியும் என்ற சின்ன விஷயம், இத்தனை படித்த எனக்கு உறைக்கவில்லை. பேர் இல்லாத தாள் என்றால் யாருடையது என்று தெரியாத தாள் என்று சென்னைக்காரி மாதிரி நினைத்துக்கொண்டேன். எங்கள் ஜீப்பில் பேனா ஒரு கையில்தான் இருக்கும் என்று தெரிந்த ஆள், அந்த ஆபீசிலேயே நான் ஒருத்திதான். எழுதியவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். இதில் எழுதியவள் எதையும் கெடுக்கவில்லை.

சரக்குக் கொடுப்பவர்களுக்கு என்று சென்னையில் ஒரு பெரிய ஓட்டலில் கூட்டம் நடந்தது. நான் பேசினேன். அம்மாவின் சேற்றுக்காலைச் சொல்லிக் குரலை இறக்கி, அப்புறம் அந்தத் தாள்களைத் திரையில் ஒவ்வொன்றாகப் போட்டேன். எஸ்டேட்டின் பெயரை மட்டும் மறைத்திருந்தேன். எஸ்டேட் மேனேஜர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் எழுந்து கைதட்டியபோது அவரும் எழுந்து தட்டினார்.

அந்த ஒரு வரியை எங்கள் முதலாளிக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. அவள் எழுத்திலேயே பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, ஆபீஸ் வரவேற்பறைச் சுவர் முழுக்க மாட்டச் சொன்னார். அதன் பக்கத்தில் நின்று நான் படம் எடுத்துக்கொண்டேன். அந்த வருஷம் எனக்குப் பதவி உயர்வு வந்தது. துறைக்கு இன்னும் நாலு பேரைக் கொடுத்தார்கள்.

ஒரு நாள் காலையில் அம்மா போன் செய்தாள்.

"அந்தப் புள்ளைக்கு ஜீப்பு நிக்கலையாம்டி."

"நிக்கலைன்னா?"

"நிக்கலைன்னா நிக்கல. ரேசன் கடை முக்குல மத்தவளுகளோட அவளும் நிக்கிறா. எல்லாரும் ஏறுறாளுக. இவ கால வச்சா, எடம் இல்லைன்னுட்டு ஜீப்பு போயிருது. நாலு நாளாச்சு. ஒங்கிட்டச் சொல்ல வேணாம்னா. எனக்கு மனசு கேக்கல."

மேனேஜருக்குப் போன் போட்டேன். அவர் நல்ல மரியாதையாகப் பேசினார்.

"நாங்க யாரையும் வேலையை விட்டு நிறுத்தலையே மேடம். ரெஜிஸ்டர்ல அவங்க பேரு இருக்கு. வந்தா வேலை குடுப்போம். வரலைன்னா நாங்க என்ன செய்றது? ஜீப்பு எங்களுது இல்லையே."

நான் ஏதோ கத்தினேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, "கையெழுத்து ரொம்ப அழகு மேடம்," என்றார். "தினம் நோட்டுல பாக்கிறதுதானே. திரையில வந்ததுமே தெரிஞ்சிருச்சு."

போனை வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய் அழுதேன். முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தால் வரவேற்பறையைத் தாண்டித்தான் என் அறைக்குப் போக வேண்டும்.

அவள் வேறு ஜீப்புகளில் கேட்டுப் பார்த்திருக்கிறாள். போடியில் ஜீப்பு டிரைவர்கள் எல்லோரும் ஒரே டீக்கடையில்தான் நிற்பார்கள். பெட்டிசன்காரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். காய் சலிக்கிற குடோன்களிலும் அதே பெயர் அவளுக்கு முன்னால் போய் நின்றது. மற்றப் பத்துப் பேரும் அதே ஜீப்பில் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் சொல்லித்தானே இவள் எழுதினாள் என்று எனக்கு அவர்கள் மேல் ஆத்திரம் வந்தது. அம்மாதான், "அவளுகளும் எறங்கிட்டா அத்தன வீட்டு அடுப்புக்கும் நீயா வந்து தீ மூட்டுவ?" என்றாள்.

லீவு போட்டுவிட்டுப் போடிக்குப் போனேன். அவள் கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போய்விட்டுச் சாயங்காலம் வந்தாள். தலைமுடியில் சிமெண்டு. என்னைப் பார்த்ததும் வழக்கம்போல, "எப்ப வந்த? சாப்டியா?" என்றாள். அவள் என்னைத் திட்டுவாள் என்று வழியெல்லாம் தயாராகி வந்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"நீ வேணும்ட்டா செஞ்ச? விடுடி," என்றாள்.

சென்னைக்கு வா, எங்கள் பேக்கிங் யூனிட்டில் சேர்த்துவிடுகிறேன் என்றேன். உள்ளே படுத்திருந்த அவள் அம்மாவைக் கண்ணால் காட்டினாள்.

மறுநாள் விடிவதற்கு முன்னால் அவளோடு நானும் ரேஷன் கடை முக்கில் போய் நின்றேன். குளிர். மற்றப் பெண்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள், ஒருத்தியும் எங்கள் பக்கம் பார்க்கவில்லை. ஜீப்பு வந்தது. நான் முன்னால் நின்றதால் டிரைவர் தலையை வெளியே நீட்டினார். எங்கள் வாசலுக்கு வந்து 'மக வருதா' என்று கேட்ட அதே மனிதர், தலை நரைத்திருந்தது.

"என்ன தாயி, மேல வர்றீகளா? ஏறுங்க, ஏறுங்க. ஒங்க ஆத்தா எடந்தான இது," என்றார்.

அவர் சொன்னதும் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மேலத்தெரு அம்மா ஒருவர் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். தரையில் இல்லை, பெஞ்சில். எங்கள் தெருவிலிருந்து அந்தப் பெஞ்சில் உட்காரச் சொல்லி யாரையாவது கூப்பிட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். என் தோழி எனக்குப் பின்னால் சாப்பாட்டுத் தூக்கைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, எனக்கு வேணாம். இவள ஏத்துங்க," என்றேன்.

அவர் எஞ்சினை அணைக்காமல் குரலைத் தணித்தார். "நான் என்ன தாயி செய்யட்டும். அந்தப் புள்ள என் ஜீப்புல வந்தா வேற ஜீப்பு பாத்துக்கிறேன்ட்டாரு மேனேசரு. எனக்கும் புள்ளகுட்டி இருக்குல்ல. நீங்க பெரிய எடத்துல இருக்கீக, பேசி விடுங்க. வெரசா பேசுங்க."

மற்றவர்கள் ஏறினார்கள். ஜீப்பு போய்விட்டது. புகை அடங்கும்வரை இரண்டு பேரும் அங்கேயே நின்றோம். அப்புறம் அவள், "சரி வா, எனக்குச் சித்தாள் வேலைக்கு நேரமாகுது," என்றாள்.

சென்னைக்குத் திரும்பி நான் போடாத சண்டை இல்லை. விசாரணைக் குழு போட்டார்கள். குழு எல்லாப் பதிவேடுகளையும் பார்த்துவிட்டு, புகார் கொடுத்ததற்காக எஸ்டேட்டில் யார் மீதும் நடவடிக்கை எடுக்கப்படவில்லை என்று எழுதியது. அதில் ஒரு எழுத்தும் தப்பில்லை. எஸ்டேட்டும் நல்ல பிள்ளையாக எங்கள் தெருவிலிருந்து இரண்டு பெண்களை ஒரு வாரம் ஸ்டோருக்குள் உட்கார வைத்துப் படம் எடுத்து அனுப்பியது. என் வருடாந்திர அறிக்கையில் அந்தப் படத்தைப் போட்டார்கள். நான் ராஜினாமாக் கடிதம் எழுதினேன், அனுப்பவில்லை. அனுப்பினால் ஜீப்பு நிற்குமா என்று என்னையே கேட்டு, நிற்காது என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். ஆனால் எனக்கு வசதியான உண்மை.

கடைசியில் சட்டப்பிரிவுக்காரர்கள் எஸ்டேட்டோடு பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தனக்கு யார் மீதும் எந்தப் புகாரும் இல்லை என்று அவள் எழுத்துமூலம் கொடுத்துவிட்டால், ஜீப்பு விஷயத்தை டிரைவரிடம் எஸ்டேட் 'எடுத்துச் சொல்லும்'. அவளிடம் போன் செய்து சொன்னேன். "ஜீப்பு நிக்குமா?" என்றாள். நிற்கும் என்றேன். "அப்பக் கொண்டா," என்றாள்.

என்னிடம் ஓர் உறையைக் கொடுத்து அனுப்பினார்கள். டைப் அடித்த தாள்கள், ஒரு பேனா. எஸ்டேட் ஆள்தானே என்று கைநாட்டுக்கு ஒரு மை டப்பாவும் வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. இவளுக்குப் போய் மை டப்பாவா என்று அதைப் பையின் அடியில் தள்ளிவிட்டேன்.

அவள் வீட்டில், மத்தியானம். வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து தாளை ஒரு தடவை முழுக்கப் படித்தாள். "எனக்கு யார் மீதும் எந்தப் புகாரும் இல்லை," என்று கடைசி வரியை மட்டும் வாய்விட்டுப் படித்தாள். நான் பேனாவைத் திறந்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"மை இருக்கா?"

எனக்குப் புரியவில்லை. "என்ன மை?"

"கைநாட்டு வைக்கிற மைதான்."

"நீ எதுக்குடி கைநாட்டு வைக்கணும்?"

"எழுத்து வேணாம்டி," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, காப்பிக்குச் சர்க்கரை வேண்டாம் என்கிற மாதிரிதான் சொன்னாள். "ஜீப்பு நோட்டக்கூட இப்ப வேற புள்ளதான் எழுதுதாம். எழுதட்டும். கைநாட்டுன்னா எல்லாருக்கும் ஒண்ணுபோலதான் இருக்கும். யாருதுன்னு ஒருத்தனும் பாக்க மாட்டான்."

பையின் அடியிலிருந்து மை டப்பாவை எடுத்தேன். அவளே வாங்கி மூடியைத் திறந்தாள். இடது பெருவிரலை ஒற்றி, தாளில் வைத்து, கொஞ்சம் உருட்டி எடுத்தாள். அவள் அம்மா வைக்கும்போது பக்கத்தில் இருந்து பார்த்திருப்பாள். விரலைத் துடைக்காமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "வேற எங்கயாச்சும் வைக்கணுமா?" என்று கேட்டாள்.

இன்னொரு தாள் இருந்தது. அதை வெளியே எடுக்காமலே திரும்பிவிடலாம் என்று மதுரையிலிருந்து போடி வரும்வரை பஸ்சில் நினைத்துக்கொண்டே வந்தேன். சுவரில் இருக்கிற கையெழுத்தை அப்படியே வைத்துக்கொள்ள எழுதியவரின் அனுமதி வேண்டும் என்று சட்டப்பிரிவு சொல்லியிருந்தது. அதை எடுத்தேன். அவளுக்கு அந்தச் சுவரைப் பற்றியே தெரியாது. என்னவென்று கேட்டாள். வாயால் சொல்ல முடியாமல் என் போனில் படத்தைக் காட்டினேன். சுவர், கண்ணாடி, அந்த ஒரு வரி, பக்கத்தில் சிரித்துக்கொண்டு நான்.

அவள் வலது விரல்களால் படத்தைப் பெரிதாக்கினாள். படத்திலிருந்த நான் ஓரமாகப் போய் மறைந்துவிட்டேன், எழுத்து மட்டும் நின்றது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். 'ழ'வின் சுழியை நகத்தால் ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள்.

"அங்கனயாச்சும் இருந்துட்டுப் போகுது," என்றாள்.

விரலை மறுபடியும் மையில் ஒற்றி, நான் காட்டிய இடத்தில் வைத்தாள்.